ஆறடி ஒரு அங்குலம்

செல்லதுரை போனில் கொதித்தார்.

"ஆறடி ஒரு அங்குலம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க பார்சல்ல அனுப்பின டெண்ட்ல பாதிக் கால் வெளியே நீட்டுது!"

மட்டாஞ்சேரி கடைக்காரர் சிரித்தார். "காலை மடக்கிப் படுங்க சேட்டா."

"நாள் முழுக்க சைக்கிள் மிதிச்ச காலை மடக்கிட்டா தூங்கணும்? நீளமா வேணும், ரெண்டு கிலோவுக்குள்ள வேணும்!"

"நேர்ல வந்து படுத்துப் பாருங்க. கலர் செலக்ட் பண்ண வைஃபையும் கூட்டிட்டு வாங்க."

மாலையில் வந்த செல்லதுரை, கடைக்காரரின் தோளுயரம்தான் இருந்தார்.

"சேட்டா, ஆறடின்னு சொன்னீங்களே?"

பின்னாலேயே வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்த அவர் மனைவி பொன்மணி, செருப்பைக் கழற்றிவிட்டு, விரித்திருந்த டெண்டுக்குள் போய்க் காலை நீட்டிப் படுத்தாள்.

"கலர் செலக்ட் பண்ண வந்தவன் நான்," என்றார் செல்லதுரை, கோபம் தணியாமல். "எடுத்துக் காட்டுங்க!"