ஆஃப்ரீன் வைத்த போர்டு

ஜப்பான் பன்னின் மெதுமெதுப்பையும் பிரான்ஸ் ரொட்டியின் வெண்ணெய் அடுக்குகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சுட்டான் தானிஷ். ஆம்பூரில் ஒருவரும் அவன் பேக்கரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பேஜாரா இருக்கு. மூடிட்டு பிரியாணிக் கடை போட்டுடறேன்."

"ஒரே ஒரு போர்டு வெச்சுப் பாக்கலாம். அப்புறமா மூடுங்க," என்றாள் மனைவி ஆஃப்ரீன்.

போர்டு ஏறியது. ரொட்டியும் விலையும் மாறவில்லை. ஆனால் அன்று மாலையே ஷூ கம்பெனி ஷிப்ட் விட்டதும் கடை முன்னால் வரிசை நின்றது. ஒரே மாதத்தில் ஊரே அந்த ரொட்டிக்கு அடிமையாகிவிட்டது.

ஒருநாள், ஷூ கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்கில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கும் கண்ணம்மாள் கருகிய ரொட்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா பாய் இது?"

தானிஷ் பதறிப்போனான். "மன்னிச்சுக்கக்கா, சூடு ஜாஸ்தியாயிடுச்சு. வேற தர்றேன்."

"கருகுனதுக்கா நான் வந்தேன்? போர்டை நம்பித்தானே வாங்கறோம்! செக்கிங்ல இருக்கிறவகிட்டயே லோக்கல் சரக்கைத் தள்றியே. அசல் சரக்குல இவ்ளோ பெரிய டேமேஜ் இருக்குமா? தேடிப் பாத்தாலும் கண்ணுக்குத் தெரியாதே!"

தானிஷ் தலைக்கு மேலே பார்த்தான். ஆஃப்ரீனின் போர்டு பளபளத்தது:

'ஜப்பான், பிரான்ஸ் ஆர்டர். எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ரொட்டி இங்கே கிடைக்கும்.'