வெளியே கேட்கக் கூடாது

"இன்னும் சத்தமா கத்துங்க," என்றார் மாதவ ராவ் போனில். அவர் கதவுக்கு வெளியே இருந்தார். உள்ளே ஏழு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் தனியாக நின்ற யாதகிரி, தொண்டை கமறக் கத்தினான்.

கதவைத் திறந்துகொண்டு வந்த ராவின் முகம் தெளியவில்லை. ஹாலில் அப்பாவின் கட்டிலருகே நின்றால் யாரோ தூரத்தில் கூப்பிடுவது போல இன்னும் கேட்கிறதாம்.

யாதகிரி ஹைதராபாத்தில் பதினாறு வருடமாக வீட்டுத் தியேட்டர் அமைக்கிறவன். கொம்பள்ளியில் இந்த வில்லாவுக்கு அன்று ஐந்தாவது நாளாக வந்திருந்தான். மற்ற இடங்களில் ஹீரோ வரும்போது சோபா அதிர வேண்டும், மழை பெய்தால் தலைமேல் பெய்ய வேண்டும் என்று உயிரை எடுப்பார்கள். ராவ் ஒரு காட்சிகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. மைக்கைக் காது உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் அவன் சரிசெய்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே கசிவதில் பேஸ் என்னும் தாழ்ந்த அதிர்வொலியைத் தடுப்பதுதான் கஷ்டம் என்று யாதகிரி முதல் நாளே விளக்கியிருந்தான். அதற்கு ராவ் சொன்ன பதில் அவன் மனதை விட்டுப் போகவில்லை.

"பேஸ் போனா போகட்டும். பொம்பளைக் குரல் வெளியே போகக் கூடாது."

அந்த வீட்டில் இருந்த ஒரே பெண் ராவின் மனைவி வகுளா. ஐம்பது வயதிருக்கும். டீ கொண்டுவந்து வைப்பார், பேசமாட்டார். கீழுதட்டில் ஆறாத காயம். மூன்றாம் நாள் கொஞ்சம் ஆறியிருந்தது, இன்று மறுபடி ரத்தம் கட்டியிருந்தது.

யாதகிரி ஒலி அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் காலடிச் சத்தத்திலேயே அவனைக் கண்டுகொண்டார். இரண்டு மாதத்துக்கு முன் பைபாஸ் ஆனவர். கண் போய்விட்டது, காது மட்டும் கூர்மை என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டார்.

"படமே பார்க்காதவனுக்குத் தியேட்டர் கட்டித் தர்றியா பாபு?" என்று சிரித்தார். பிறகு, அது பேரனுக்காகத்தான் என்று அவரே சமாதானமும் சொன்னார். சிகாகோவில் இருக்கிறான், சங்கராந்திக்கு வருகிறான். முன்பெல்லாம் தினமும் போன் பண்ணுவான், இப்போது வேலை அதிகமாம், மெசேஜ்தான். அவன் அம்மா படித்துக் காட்டுகிறாள். இந்த வீட்டில் செய்தி சேனல்கூடப் போட விடுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

யாதகிரி புன்னகைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். கதவு மூடியதும் தானாக இறங்கித் தரையோடு ஒட்டும் ரப்பர் பட்டையைப் பொருத்தினான். உள்ளே ஒரு ஸ்பீக்கரில் பெண் குரலை மட்டும் நூறு டெசிபலுக்கு வைத்தான். கட்டிலருகே மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தமே அதைவிட அதிகம்.

ராவ் பெரியவரிடம் ஏதாவது கேட்டதா என்று விசாரித்தார். எதுவுமில்லை என்றார் அவர். ராவ் யாதகிரியின் தோளில் கைவைத்தார். நாளையிலிருந்து அந்த அறை தேவைப்படும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு மாத்திரை வாங்க வெளியே போனார்.

யாதகிரி கருவிகளைப் பையில் போட்டான். ஜிப்பை இழுக்கக் கை வரவில்லை. போலீசிடம் போனால் எதைக் காட்டுவான்? ஒரு உதட்டுக் காயத்தையா? பேசாமல் போய்விட்டால், நாளை அந்தப் பெண் எவ்வளவு கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. கேட்காமல் செய்தது அவன் கை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவின் அடியில் குனிந்தான். பட்டையைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தினான். ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்தது. பதினாறு வருடத்தில் அவன் வேண்டுமென்றே கெடுத்த முதல் வேலை.

டீ டம்ளரை எடுக்க வகுளா வந்தார். யாதகிரி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா, நான் கேட்கக் கூடாதுதான். ஆனா சார் எதுக்காக இந்த ரூமை இப்படிப் பண்ணச் சொன்னாருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. கதவுக்கு அடியில கொஞ்சம் இடம் விட்டிருக்கேன். நீங்க கத்தினா பெரியவருக்குக் கேட்கும். பயப்படாதீங்க."

வகுளா அவனையே பார்த்தார். பிறகு மெல்ல மண்டியிட்டு, கதவின் அடியில் கையை வைத்தார். வெளிக்காற்று விரல்களில் பட்டது. ஹாலில் பெரியவர் இருமுவது தெளிவாகக் கேட்டது. உதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டார். காயம் திறந்து ரத்தம் கசிந்தது.

அவன் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்கத் திரும்பினான். வகுளா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவரு மேல தப்பில்ல தம்பி. அவருதான் எனக்காக இந்த ரூமைக் கேட்டாரு. மாமாவுக்கு எதுவும் தெரியக் கூடாது, அவரு நெஞ்சு தாங்காது. அந்தத் திருகை மறுபடி முடுக்கிடு."

யாதகிரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுளா கிசுகிசுப்பாகச் சொன்னார்:

"என் பிள்ளை சிகாகோவுல செத்துப்போய் நாற்பது நாளாச்சு, நான் இன்னும் வாய்விட்டு அழல."