ரெக்ஸ்டேலுக்கு வந்த பாலைவனப் பறவை

வீட்டுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள்.

எல்லாருக்கும் பச்சை ஜாக்கெற். எல்லாருடைய கழுத்திலும் பைனாகுலர். ஒருவன் முக்காலியை விரித்து அதில் முழங்கை நீளக் குழாய் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தான். யாரும் சத்தமாகப் பேசவில்லை. வீட்டின் பின்பக்கத்தையே எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அன்ரனெற் திரைச்சீலையை விட்டாள்.

மன்னாரில், பத்து வயதில் பார்த்தது இது. முதலில் பச்சை உடுப்பு ஆமிக்காரர் வேலிக்கு வெளியே சும்மா நிற்பார்கள். பிறகுதான் வீடு வீடாக நுழைவார்கள். சுற்றிவளைப்பு எப்படித் தொடங்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கீழே பேஸ்மென்றில் தம்பி சீமோன் இருந்தான். அவனுடைய அகதி வழக்கு தோற்று, நாட்டை விட்டுப் போகச் சொன்ன திகதி கடந்து பதினொரு கிழமை. வழக்கறிஞர் கடைசியாக ஒரு மனுப் போட்டிருந்தார். பதில் வரும்வரை அவன் யார் கண்ணிலும் படக்கூடாது. குடிவரவு அதிகாரிகளிடம் பிடிபட்டால் அடுத்த விமானம்.

விளக்குமாற்றுக் கட்டையால் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள். அக்காவும் தம்பியும் பேசி வைத்த ஏற்பாடு. மூன்று தட்டுக் கேட்டால் அவன் லைற்றை அணைத்துவிட்டு ஹீற்றர் அறைக்குள் போய் மூச்சுக் காட்டாமல் இருக்கவேண்டும்.

பிறகு மாதா படத்துக்கு முன்னால் போய் அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள். அவசரத்தில் பாதியை விழுங்கினாள். நாலாவதில் அழைப்பு மணி அடித்தது.

திறக்காமல் இருக்கலாம்தான். ஆனால் கார் வாசலில் நிற்கிறது. மீன்குழம்பு தெருமுனை வரைக்கும் மணக்கிறது. வீட்டில் ஆளில்லை என்று எந்த மடையன் நம்புவான்?

சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள்.

முப்பது வயது மதிக்கத்தக்க தமிழ் முகம். அதுதான் அவளை உண்மையில் கலக்கியது. தமிழ் தெரிந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்!

“சொறி அன்ரி, நான் மிதுனன். ஒரு பேர்ட் உங்கட பக்யார்ட்டுக்குள்ள பறந்து போனது. அரிசோனா பாலைவனத்தில இருக்கிற பேர்ட், வழி தவறி இஞ்ச வந்திட்டுது. வெரி வெரி ரெயர். ஒருக்கா உள்ள வந்து பாக்கலாமோ?”

அன்ரனெற்றுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை.

பறவை.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணால் நீர் வழிந்தது. பச்சை ஜாக்கெற்றும் முக்காலியும் குழாயும் எல்லாம் ஒரு குருவிக்கு! மாதாவே, ஒரு குருவிக்கு!

மிதுனன் அந்தச் சிரிப்பைப் பிழையாக விளங்கிக்கொண்டான்.

“வேண்டாம் எண்டா போயிடுவம் அன்ரி. அட்ரஸும் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டம். அது எங்கட ரூல்.”

அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் தப்பினோம் என்ற சந்தோஷம் ஆளைத் தாராளமாக்கிவிடும். சீமோன்தான் ஹீற்றர் அறைக்குள் இருக்கிறானே.

“நீர் முதல் வாரும் பிள்ளை” என்றாள். “மற்ற ஆக்கள் பிறகு வரட்டும்.”

பக்கப் படலையைத் திறந்துவிட்டாள்.

பின்சுவரோடு நின்ற சிவப்புப் பழச்செடியில் அது இருந்தது. காகத்தின் கறுப்பு, மைனா அளவுகூட இல்லை. தலையில் கொண்டை, சிவந்த கண். பழங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி விழுங்கிக்கொண்டிருந்தது. மூவாயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்துவிட்டோம் என்ற கவலை அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

மிதுனன் கமராவைத் தூக்கினான். பதினாலு வருஷமாகப் பறவை பார்க்கிறவனாம். இப்படி ஒன்று ஆயுளில் ஒருமுறை வாய்த்தால் பெரிய காரியமாம்.

எடுத்து முடித்ததும் கமராவின் பின்பக்கத்தை அவளுக்குக் காட்டினான். பறவை. மறுபடியும் பறவை. வாயில் பழத்தோடு பறவை.

நாலாவது படத்தில் பறவை மங்கிக் கிடந்தது. கமரா அதை விட்டுவிட்டு, பின்னாலிருந்த பேஸ்மென்ற் யன்னலைப் பிடித்திருந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சீமோன். ஒளிந்திருக்க வேண்டிய விசரன், தாடியும் பரட்டைத் தலையுமாகப் பறவையைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் சிரித்து எத்தனை மாதம்!

மிதுனனின் பெருவிரல் நின்றது. யன்னலைப் பார்த்தான். அங்கே இப்போது திரைதான் இருந்தது. பிறகு அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கண்ட பயத்தை அவன் முன்பு தன் வீட்டிலேயே யாருடைய முகத்திலோ கண்டிருக்க வேண்டும்.

அந்தப் படத்தை அழித்தான். யன்னல் எல்லாப் படத்திலும் இருந்தது; பெரிதாக்கினால் முகமும் தெரியும். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தான். வாயில் பழத்தோடு இருந்த படத்தில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அதையும் அழித்தான்.

முன்வாசலில் மற்ற மூவரும் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். விட்பி, மிசிசாகா என்று தூர ஊர்களிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள்.

மிதுனன் படலையைச் சாத்திவிட்டு அவர்களிடம் போனான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். படலைக்குப் பின்னால் நின்ற அன்ரனெற்றுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பறந்துவிட்டது, தெருக்கோடி ஓடைப் பக்கம் போய்விட்டது, இனி இந்த வீட்டில் தேடிப் பிரயோசனமில்லை என்றான்.

முக்காலியை மடித்தார்கள். கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. நான்கு பேரும் ஓடையைப் பார்த்துப் போனார்கள், முன்னால் மிதுனன்.

அன்ரனெற் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

பறவை அடுத்த பழத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.