மை அப்பிய முகம்

"மறுபடியும் என்னய்யா?" அச்சுக்கூட முதலாளி மரியசூசைக்கு எரிச்சல் தலைக்கேறியது.

கச்சேரிக் கம்பெனி குமாஸ்தா கனகசபை நோட்டீஸை நீட்டினார். "படத்துல முகம் இன்னும் கறுப்பா வேணுமாம். வித்வான் தங்கியிருக்கிற ஹோட்டல்லேருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க."

"மூணு தடவ திருப்பிட்டீங்க லா! கியூபாவுலேருந்து வயலின் வாசிக்க வந்திருக்கிற துரை. மொதத் தாள்ல மை அப்பிக்கிச்சேன்னு நான்தான் பாடுபட்டு வெளுப்பாக்கினேன். இப்பக் கறுப்பாக்கினா பினாங்கே சிரிக்கும்!"

வாசலில் ரிக்‌ஷா நின்றது. கோட்டும் தொப்பியுமாக இறங்கியவர் வயலின் பெட்டியை மேசைமேல் வைத்தார். குப்பைக்கூடையைக் கிளறி, மரியசூசை கசக்கி எறிந்த அந்த முதல் தாளை எடுத்து நீவி, தம் முகத்தருகே பிடித்தார்.

அச்சு அசல். நிறத்தில் அவர் மரியசூசைக்கே அண்ணன்.