பொட்டி தட்டும் வேலை

“நட்சத்திரத்தை அளக்கப் போறேன்னு பிசிக்ஸ் படிச்சீங்க. இப்ப நாள் பூரா பொட்டி தட்டுறீங்க. இன்னைக்காவது லீவு போடக் கூடாதா?” என்றாள் மனைவி.

“ஒரு கணக்கை முடிச்சாகணும்மா.”

“என்னை மறந்துட்டு அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழுங்க!”

வாயைத் திறந்தால் உளறிவிடுவோம் என்று பேசாமல் கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில், மூளைக் கட்டிக்குக் கதிர் பாய்ச்சும் கோணங்களைக் கணினியில் கணக்கிடுவதுதான் அவர் வேலை. திரையைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஞாபகம் தங்குற இடத்துலயும் கதிர் படுதே?”

“முப்பது தடவை மாத்திப் பாத்துட்டேன் டாக்டர். கட்டி அதை ஒட்டியே இருக்கு.”

“சரி, உயிர் பிழைச்சாப் போதும். மறதி வரும்னு சொல்லிட்டீங்களா?”

“இல்ல டாக்டர். நான் அவளை மறந்துட்டேன்னு காலையிலதான் சண்டை போட்டா.”