பழைய டிஸ்க்கே போதும்

“புதுசைக் கழட்டிட்டு, பழசையே மாட்டிக் கொடுத்துடும்மா. அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போகணும்.”

துண்டில் சுற்றிக் கொண்டுவந்த லேப்டாப்பையும் பழைய டிஸ்க்கையும் கடை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. ராத்திரி குடித்திருப்பாரோ என்று மெக்கானிக் பெண்ணுக்குச் சந்தேகம். மகளுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

நேற்றுதான் அவள் அவர்கள் வீட்டுக்கே போய், அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி. என்கிற புது ரக டிஸ்க்கை மாட்டிவிட்டு வந்தாள். போனில் கூப்பிட்டது மகள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். லேப்டாப் ஆமையாக நகர்கிறது என்று அலுத்துக்கொண்டாள்.

போன இடத்தில் பார்த்தது எதுவும் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை. மகளின் அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் திருகாணி ஓட்டைகள். அப்பா ஹாலில் நாற்காலியைப் போட்டு, அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கும் இப்படி ஒரு அப்பாவிடமிருந்து தப்பித்து வந்து கடை போட்டவள்தான்.

புது டிஸ்க் போட்டதும் லேப்டாப் கண் மூடித் திறப்பதற்குள் தயாராகிவிட்டது. பழசு மாதிரி ஹால் வரைக்கும் கேட்கும் கரகரப்பும் இல்லை. சுற்றுவதற்குத்தான் உள்ளே ஒன்றுமே கிடையாதே. மகளின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்தது.

அந்தச் சிரிப்பையும் பிடுங்க இப்போது வந்து நிற்கிறார் மனிதர்.

என்ன குறை என்று கேட்டாள். குறையெல்லாம் ஒன்றுமில்லை, பழசே போதும் என்று மென்று விழுங்கினார். பழைய டிஸ்க்கின் ஆயுசு முடியப்போகிறது, அந்தக் கரகரப்பே அதற்கு அறிகுறி, என்றைக்காவது மகளின் வேலையெல்லாம் மொத்தமாக அழிந்துபோகும் என்று அவள் எடுத்துச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் கை வரவில்லை.

மகளோடு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். தன் அக்காவைக் கட்டில் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். தூங்குகிற பெண்ணுக்கும் காவலா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க பொண்ணு சொல்லாம நான் இதுல கை வைக்க மாட்டேன் சார்.”

புதுசிலேயே அந்தப் பழைய சத்தம் வருகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சத்தத்தை நிறுத்தச் சொல்லி வந்தவர்கள் உண்டு. சத்தம் வேண்டும் என்று வந்தவர் இவர் ஒருவர்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகள் லேப்டாப்பைத் தொட்டாலே இவர் காதுக்கு எட்டிவிடும். நேற்றிலிருந்து எட்டவில்லை, அந்தக் கடுப்புதான்.

“கதவுக்கு வெளியில நின்னு ஒட்டுக் கேக்கறீங்க. அதானே சார்?”

“ஆமாம்மா.”

மழுப்புவார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து, சும்மா சும்மா கதவைத் தட்டி என்ன செய்கிறாய் என்று கேட்டால் மகளுக்குப் பிடிக்கவில்லையாம். தன்னை யாரும் நம்புவதில்லை என்று அழுகிறாளாம். அதனால் தட்டுவதை விட்டுவிட்டாராம். நேற்று ராத்திரி அறைக்குள் ஒரு சத்தமும் இல்லாமல், இவருக்குப் பொட்டுத் தூக்கமில்லையாம்.

“அது கரகரன்னா, உள்ள அவ உயிரோட இருக்கான்னு அர்த்தம்மா.”