பலகை வக்கீல்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் சின்ன மருமகள். போன மழைக்காலத்தில், காயாத துணிகளை இருவருமாக வீட்டுக்குள் கொடி மாற்றிக் கொடி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அவள் ஒரு கார் பந்தய மைதானத்தில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே கடைசி வளைவை ஒட்டி ஒரு புல்மேடு. கார்கள் கைக்கெட்டும் தூரத்தில் பறக்கும் என்பதால் கூட்டம் அங்கேதான் மொய்க்கும். அந்த இடத்துக் கம்பிவேலியோ அடியில் துருப்பிடித்து, விழப்போகிற பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. புது வேலி வர நாளாகும். பந்தயமோ வருகிற ஞாயிற்றுக்கிழமை.

இந்த ஒரு தடவை மேட்டை மூடிவிடலாம் என்று முதலாளியிடம் கரடியாகக் கத்திப் பார்த்தாள். மேட்டை மூடினால் காலி நாற்காலிகளுக்குத்தான் பந்தயம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலிருந்த மைதானத்து வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

வக்கீலுக்கு அலுவலகத்தில் 'பலகை வக்கீல்' என்றுதான் பெயர். வழுக்குகிற தரையா, ஒரு எச்சரிக்கைப் பலகை வை. உடைந்த படியா, அதற்கும் ஒரு பலகை வை. அவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

"சொந்தப் பொறுப்பில் நிற்கவும்னு பலகை இருக்கு. டிக்கெட்டுக்குப் பின்னாடியும் அச்சடிச்சிருக்கோம். கோர்ட்டுல பேச அது போதும்" என்றார்.

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "பலகை கோர்ட்டுல நிக்கும் சார். கார் முன்னாடி நிக்குமா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை காத்து எந்தப் பக்கமா அடிக்கும்?" என்று கேட்டார்.

மனுஷன் தன் கோட்டில் தூசி படாமல் உட்கார இடம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். எப்பவும் போல மேட்டைப் பார்த்துத்தான் அடிக்கும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அன்று வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கொஞ்சம் வேண்டிக்குங்க அத்தை" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்காமல் வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்ததும் கூட்டம் வழக்கம்போல மேட்டுக்கு ஓடியது. ஓடின வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தது. அழுகின மீன் நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூக்கடைப்பு உள்ளவர்கள்கூட நிற்கவில்லை. திட்டிக்கொண்டே எல்லோரும் எதிர்ப்பக்கத்து இருக்கைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

முதலாளி போனில் குதித்தார். உடனே சுத்தம் செய்யாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடிப் போனாள். மேட்டை ஒட்டிய வாய்க்காலோரப் புதருக்குப் பின்னால் மூன்று மூட்டைகள். உள்ளே மீன் தலையும் குடலும். எந்தப் போக்கிரி செய்த வேலை என்று பல்லைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். நாலைந்து காக்கைகளைத் தவிர மேட்டில் ஒரு உயிர் இல்லை.

பிறகு, "தேடிக்கிட்டே இருக்கோம் சார்" என்று போனில் சொல்லிவிட்டு, மூட்டைகளின் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டு வந்தாள்.

கடைசிச் சுற்றில் ஒரு கார் வழுக்கியது. வேலியைப் பிய்த்துக்கொண்டு மேட்டில் ஏறி, எப்போதும் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் போய் நின்றது. ஓட்டினவர் ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார். "என்னங்க இது நாத்தம்" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

மாலையில் முதலாளி, முன்யோசனையாக மேட்டைக் காலி பண்ணச் சொன்னதே தான்தான் என்று நிருபர்களிடம் அளந்துகொண்டிருந்தார். வக்கீல், "பலகை இருந்துச்சு" என்பதோடு நழுவிவிட்டார். இந்தக் கல்நெஞ்சுக்காரரை நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று மருமகள் அவர் பின்னாலேயே கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள்.

அவர் காரின் கதவுகளெல்லாம் விரியத் திறந்து கிடந்தன. டிக்கியும் திறந்திருந்தது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, உள்ளே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போகவே வேண்டியிருக்கவில்லை. காற்று அவள் பக்கம்தான் அடித்தது.

"நீங்க ஒண்ணும் பார்க்கலைம்மா" என்றார் அவர், முகம் மாறாமல். "இது வெளியே தெரிஞ்சா, ஆபத்துன்னு தெரிஞ்சேதான் கூட்டத்தை விட்டாங்கன்னு கேஸாயிடும்."

அப்புறம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "பலகையை யாரும் படிக்கிறதில்லம்மா. மீன்னா எல்லாருக்கும் புரியுது."

அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இன்றைக்கு வேண்டிக்கொள்ளும்போது அந்த வக்கீலையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் வாடை இன்னும் போகவில்லையாம்.